'அநாதை' என்ற சொல்லை நம்பித் தேடியதில் இரண்டு வருடம் போனது

என் கணவரின் அம்மாவுக்கு 84 வயது. அவருடைய அப்பா 1908இல், பத்து வயதில், இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றி கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு பண்ணைக்கு அனுப்பப்பட்டவர். 'ஹோம் சில்ரன்' என்று இங்கே சொல்வார்கள். 1869 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இப்படிக் கொண்டுவந்து பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் விட்டிருக்கிறார்கள். நம்மவர்களிலும் இப்படிப்பட்ட குடும்பங்களில் திருமணம் செய்தவர்கள் இருப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

மாமியின் அப்பா தன் சிறுவயதைப் பற்றி வாயே திறந்ததில்லையாம். "நான் அநாதை", அவ்வளவுதான். பிறந்தநாள் எது என்று நிச்சயமாகத் தெரியாததால் வீட்டில் யாருடைய பிறந்தநாளையும் கொண்டாட விட்டதில்லை. எங்கள் மகளின் பிறந்தநாளுக்கு வந்தால் மாமி குசினியை விட்டு வெளியே வரமாட்டார், கேக் வெட்டும்போதுகூட. பேத்தியில் பாசமில்லை என்று நான் பல வருடம் மனதுக்குள் கோபப்பட்டிருக்கிறேன். 2017இல் கனடா மக்களவை இந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்ட செய்தியைப் படித்த அன்றுதான் "என் அப்பாவும் அதில் ஒருவர்" என்று முதன்முதலாகச் சொன்னார்.

தேட ஆரம்பித்தோம். கனடா நூலக, ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் கப்பல் பெயரும் வந்த தேதியும் ஒரே இரவில் கிடைத்துவிட்டன. கஷ்டம் அதற்குப் பிறகுதான்.

அவரை அனுப்பிய நிறுவனத்திடம்தான் அவருடைய கோப்பு இருக்கும், விண்ணப்பித்தோம். மூன்று மாதம் கழித்து, உறவுக்கு ஆதாரம் போதாது என்று திரும்பி வந்தது. மாமியின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் குடும்பப் பெயர், விண்ணப்பத்தில் கணவரின் குடும்பப் பெயர். இரண்டையும் இணைக்கத் திருமணச் சான்றிதழ் வேண்டுமாம். படிவத்தில் அதைக் கேட்கவே இல்லை! அதை அனுப்பினால், இன்னும் இரண்டு மாதம் கழித்து, அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்கிறார்கள். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாமே? தயவுசெய்து இந்த மூன்றையும் முதல் தடவையே சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

இடையில் பண்ணை இருந்த ஊரின் ஆவணக் காப்பகத்துக்குப் பனியில் இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனோம். முன்பதிவு இல்லாமல் பார்க்க முடியாது என்றார் அங்கே இருந்தவர். வெளியே காரில் இருக்கும் அம்மாவின் வயதைச் சொன்னேன். "மின்னஞ்சல் போடுங்கள்" என்று தலை நிமிராமலே சொன்னார். போகும் முன் தொலைபேசியில் கேட்டு, யாரிடம் பேசினோம் என்று பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு எங்களுடையது. அநாதை என்றதால் பெற்றோரின் இறப்புப் பதிவுகளைத் தேடிக்கொண்டே இருந்தோம். அவருடைய பிறப்புப் பதிவும் அகப்படவில்லை. கடைசியில் கோப்பு வந்தது. சேர்த்த அன்று எடுத்த படம், மொட்டையடித்த தலை, ஆளுக்குப் பெரிய சட்டை. அதற்கு அடுத்த பக்கத்தில் சம்மதம் என்று அவருடைய தாய் போட்ட கையெழுத்து! அப்பா மட்டும்தான் இறந்திருக்கிறார். நாலு பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க முடியாமல் மூத்தவனைக் கொடுத்திருக்கிறார் தாய். அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிறப்புப் பதிவு அகப்படாததற்கும் காரணம் அந்தக் கோப்பிலேயே இருந்தது. பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே பிறந்தவர், அதனால் தாயின் குடும்பப் பெயரில் பதிந்திருக்கிறார்கள். இங்கிலாந்துப் பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் கன்னிப் பெயரும் இருக்கும். அந்த இடத்தில் வெறும் கோடு இருந்தால் பெரும்பாலும் இப்படிப் பிறந்த பிள்ளை. அட்டவணை காலாண்டு வாரியாக இருக்கும், பதிய 42 நாள் அவகாசம் உண்டு என்பதால் அடுத்த காலாண்டையும் பாருங்கள், வயதில் இரண்டு வருடம் முன்னே பின்னேயும் பாருங்கள். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. பிறந்த தேதியை மாமி குசினி நாட்காட்டியில் தானே எழுதி வைத்தார்.

அப்புறம் இங்கிலாந்தின் 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு. காசு கட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது, ஆனால் அந்த வருடப் படிவங்கள் குடும்பத் தலைவர்களே நிரப்பியவை, கட்டாயம் பாருங்கள். மணமான பெண்கள் எத்தனை பிள்ளை பெற்றார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அதில் கேட்டிருந்தார்கள். விதவைகளிடம் கேட்கவில்லை. ஆனாலும் அந்தத் தாய் எழுதியிருக்கிறார்: பெற்றது 5, இருப்பது 4, இறந்தது 1. தேவையில்லாத பதில் என்று அலுவலர் குறுக்கே கோடிழுத்திருக்கிறார், எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. வீட்டில் இருந்த பிள்ளைகள் என்று பெயர் எழுதியிருப்பது மூன்று பேர்தான்.

மாமி அந்த மூன்று பெயர்களையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு விரலை அந்த 4இன் மேல் வைத்தார். எடுக்க நெடுநேரம் ஆனது.

அந்த மூவரில் கடைசித் தங்கையின் திருமணப் பதிவு போன வாரம் கிடைத்தது. இனி அவருடைய பிள்ளைகளைத் தேட வேண்டும். இந்த முறை எல்லாச் சான்றிதழ்களையும் முதலிலேயே பிரதி எடுத்து வைத்துவிட்டேன்.