மச்சான் படகுக்கு ஒரு கித்தான் கூண்டு

திருத்துறைப்பூண்டியில் ரெக்சின் கடை வைத்திருக்கிறேன். ஆட்டோ டாப், பைக் சீட், வேன் சீட், அறுவடைக் காலத்தில் நெல் மூடும் படுதா. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. படகு வேலை எதுவும் எடுத்ததில்லை. போன மாசியில் ஜாம்புவானோடையிலிருந்து மச்சான் வந்து நின்றார்.

"மாப்ள, ஆட்டோவுக்குத் தைக்கிற மாதிரிதான். நீளம் மட்டும் கொஞ்சம் கூட."

இதை நம்பினேன். ஒரே வேலையை இரண்டு தடவை செய்தேன்.

மச்சானுடையது ஃபைபர் படகு. மீன்பாடு இல்லாத நாட்களில் கோரையாறு வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஆள் ஏற்றிப் போவார். வாய்க்கால் வெட்டவும் கன்று நடவும் போகிற பெண்கள்தான் அதிகம். பங்குனி வெயிலில் ஃபைபர் தளத்தில் கால் வைக்க முடியாது. பிளாஸ்டிக் தார்ப்பாய் கட்டிப் பார்த்திருக்கிறார். ஒரே வருஷத்தில் வெயிலில் மொறுமொறுத்துக் கிழிந்துவிட்டது, இருந்தவரைக்கும் அடியில் அடுப்பு மாதிரி சூடு. ரெக்சின் போடலாம் என்றேன். "அதுவும் புழுங்கும், கித்தான்தான் வேண்டும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். பருத்திக் கித்தான், அதாவது கேன்வாஸ் துணி, மூச்சு விடும், அது உண்மைதான்.

பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம். முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பில் மூன்று வில், மேலே இரண்டு நீளத் துண்டுகளை நடுவில் சேர்த்துத் தைத்த கித்தான், ஓரத்தில் டிச் பட்டன். அச்சு அசலாக ஆட்டோ டாப். பார்க்க அழகாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. மூன்று வில்லையும் ஒரே உயரத்தில் நிறுத்தியிருந்தேன். இரண்டு வில்லுக்கு நடுவே தண்ணீர் குட்டை கட்டியது. கட்டிய தண்ணீரின் கனத்தில் துணி இன்னும் தொய்ந்தது, குட்டை பெரிதானது. குட்டையின் நட்டநடுவில் என்னுடைய தையல். வரிசையாகச் சொட்டியது என்று மச்சான் சொன்னார், ஏதோ நான் சொட்டுநீர்ப் பாசனம் போட்டுக் கொடுத்த மாதிரி.

வைகாசியில் சோழகக் காற்று எழுந்தபோது அடுத்தது. ஆட்டோவில் காற்று பெரும்பாலும் முன்னாலிருந்துதான் வரும், கண்ணாடி தடுத்துக்கொள்ளும். படகில் பக்கவாட்டில் நுழைந்து அடியிலிருந்து தூக்குகிறது. டிச் பட்டன்கள் ஒவ்வொன்றாக டப், டப் என்று விட்டுப்போயினவாம். மிச்சம் இருந்தவற்றில் துரு இறங்கி, வெள்ளைக் கித்தானில் காவிக் கோடு. பித்தளை என்று சொல்லி வாங்கியது. காந்தம் வைத்துப் பார்த்தேன், பச்சக்கென்று ஒட்டியது. வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

ஆனியில் கூண்டைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். இந்தத் தடவை கித்தானை வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப்போட்டுக் காயவைத்தேன். பருத்தி முதல் நனைவில் சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் கயிறு கோக்கும் கண்ணிகள் எதுவும் கட்டும் இடத்துக்கு வந்து சேராது.

துணியை நீளவாக்கில் போடாமல் குறுக்குவாக்கில் ஐந்து துண்டாகப் போட்டேன். நடு வில்லை மற்றதைவிட நான்கு அங்குலம் உயர்த்தியாயிற்று. நடுத்துண்டு மேலே, அதன் ஓரத்துக்கு அடியில் அடுத்தது, அதற்கு அடியில் அதற்கடுத்தது. ஓடு வேய்கிறவர்கள் செய்வதுதான். இறங்குகிற தண்ணீர் தையலின் வாயை எங்கேயும் பார்க்கக் கூடாது. இணைப்பை ஜீன்ஸ் பேண்ட் பக்கத் தையல் மாதிரி இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டையாக ஓட்டினேன்.

அப்புறம் நூல். முதலில் போட்டது நைலான், வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும். வெறும் பருத்தி நூல் நனைந்தால் ஊதி ஊசி ஓட்டையை அடைத்துக்கொள்ளும், ஆனால் மக்கும். பாலியெஸ்டர் மக்காது, ஊதவும் ஊதாது. உள்ளே பாலியெஸ்டரும் மேலே பருத்தியும் சுற்றிய நூல் ஒன்று இருக்கிறது, தேடி வாங்கினேன். 21ஆம் நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு, அதைவிட மெல்லிய 18 மாட்டினேன். நல்ல கித்தான் மழைக்குப் பயப்படாது. நனைந்ததும் இழை ஊதி நெருங்கிக்கொள்ளும். ஒழுகுவதெல்லாம் நான் குத்திய ஓட்டைகளில்தான். தையல் முடிந்ததும் தேன்மெழுகையும் மெழுகுவத்தியையும் சேர்த்து உருக்கி, தையல்மேல் தேய்த்து, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினேன். மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள்.

துணி முழுக்க மெழுகு பூசவில்லை. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் அது பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். அதற்கு அப்பா நெல் படுதாவுக்குச் செய்த வைத்தியம்: சுடுநீரில் பார் சோப்பைச் சீவிப் போட்டுக் கரைத்து, கித்தானை முக்கி எடுத்துக் காயவிட்டு, பிறகு படிகாரத் தண்ணீரில் முக்க வேண்டும். சோப்பும் படிகாரமும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒன்றாக இழைக்குள் படிந்துவிடும். காய்ந்தபின் ஒரு சொம்பு தண்ணீர் தெளித்தால் தாமரை இலையில் விழுந்த மாதிரி உருளும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது திரும்பச் செய்ய வேண்டும்.

டிச் பட்டன் மொத்தமாகப் போயிற்று. ஓரத்துக்குள் கயிறு வைத்து மடித்துத் தைத்து, மூலைகளில் இரட்டைத் துணி கொடுத்து, நிஜப் பித்தளைக் கண்ணி அடித்தேன். கயிறு கட்டுவது மச்சான் வேலை. இழுத்தால் அவிழும் முடிச்சாகத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது என் கடைத் தகரம் பறந்ததை நான் பார்த்திருக்கிறேன். காற்று வலுத்தால் கூண்டைக் காப்பாற்றுவதைவிடக் கித்தானைச் சட்டென்று கழற்றிச் சுருட்டுவதுதான் புத்தி. ஈரமாகச் சுருட்டியதை மறுநாளே விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும்.

வில்களை எல்லாம் 316 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்புக்கு மாற்றினோம். விலையைக் கேட்டு மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. படகு விளிம்பில் போட்ட ஓட்டைகளுக்குப் பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம். காயும்போது புளித்த வாடை அடிக்குமே, அந்த ரகம் சில உலோகங்களை அரிக்கும். பாலியூரித்தேன் சீலன்ட் அடைத்து, போல்ட்டுக்கு அடியில் அகலமான வாஷர் கொடுத்து முடுக்கினேன்.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் மச்சான் போன் செய்தார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஒரே ஒரு இடத்துலதான் சொட்டுது."

தையலா? இல்லை. வில்லில் உரசும் இடமா? அதுவும் இல்லை. மனசு கேட்காமல் மெழுகை எடுத்துக்கொண்டு போனேன். பின்பக்கம், இன்ஜினுக்கு முன்னால், தையலே இல்லாத வெறும் துணியில் சொட்டியது. நிமிர்ந்து பார்த்தால், சொட்டும் இடத்தில் வெள்ளையாக ஒரு விரல் தடம். சுண்ணாம்பு.

நனைந்த கித்தானை அடியிலிருந்து தொடக் கூடாது. தொட்ட இடத்தில் தண்ணீர் வழி பிடித்துக்கொள்ளும். கீழே வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆயாவைப் பார்த்தேன்.

"ஆயா, மேல தொட்டீங்களா?"

"ஒழுகுதான்னு தொட்டுப் பாத்தேன் தம்பி. ஒழுகுது பாரு."