பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். ஹார்மோன் சார்ந்த அவசர நோய்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் வைவாவில் நிற்காது. பொட்டாசியம் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். எனக்கு மெடிசின் அப்படித்தான் பிடிபட்டது.

அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்கள் வற்றிப்போகும் அடிசன் நெருக்கடியில் தொடங்குங்கள். "ரெண்டு நாளா ஒண்ணும் திங்க மாட்டேங்கு, வாந்தியா எடுக்கு சார்" என்று நெல்லை வெயிலில் ஒரு நாயைத் தூக்கி வந்தால் குடல் நோய், சிறுநீரகக் கோளாறு என்றுதான் மனது போகும். இதயத் துடிப்பை எண்ணுங்கள். அதிர்ச்சி நிலையில் வேகமாகத் துடிக்க வேண்டிய இதயம் மெதுவாகத் துடித்தால் பொட்டாசியம் ஏறியிருக்கலாம். ஆல்டோஸ்டிரோன் என்ற அட்ரீனல் ஹார்மோன் இல்லாததால் சோடியம் வெளியேறுகிறது, பொட்டாசியம் தங்கிவிடுகிறது. சோடியம், பொட்டாசியம் விகிதம் 27-க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும். ஆனால் சிறுநீரகச் செயலிழப்பிலும் அப்படி வரும், ஏசிடிஹெச் (அட்ரீனலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) கொடுத்து, அட்ரீனலின் கார்ட்டிசோல் ஏறுகிறதா என்று பார்க்கும் சோதனைதான் உறுதி செய்யும்.

உடனே சலைன். ஈசிஜியைப் பார்த்தபடி மெதுவாக ஏற்றும் கால்சியம் குளுக்கோனேட் இதயத்தைக் காக்கும், பொட்டாசியத்தைக் குறைக்காது. குறைக்க வேண்டுமென்றால் இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும். வைவாவில் பலரும் தடுமாறுவது இங்கேதான். ஸ்டீராய்டு என்றால் டெக்ஸாமெத்தசோன். பிரெட்னிசோலோன் கொடுத்தால் கார்ட்டிசோல் அளவீடு குழம்பிவிடும்.

இன்னொரு கேள்வியும் வரும். தோல் அரிப்புக்கு நெடுநாள் பிரெட்னிசோலோன் கொடுத்து, திடீரென நிறுத்திய நாய் அதே சோர்வோடு வருகிறது. பொட்டாசியம்? பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அங்கே குறைந்தது ஏசிடிஹெச். ஆல்டோஸ்டிரோனை முக்கியமாக இயக்குவது ஏசிடிஹெச் அல்ல, சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின்தான். அதனால்தான் மருந்து வரலாற்றை ஒருமுறைக்கு இருமுறை விசாரிக்கச் சொல்கிறேன்.

இன்சுலின் போதாமல் கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும் நீரிழிவு கீட்டோஅசிடோசிஸ், அடிசனுக்கு நேர் எதிர். வந்தவுடன் எடுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் சரியாகத் தெரியலாம், உடலின் இருப்போ காலி. இன்சுலின் ஏறியதும் அது செல்களுக்குள் ஓடிவிடும். அதனால் முதலில் திரவம், சில மணி நேரம் கழித்து ரெகுலர் இன்சுலின், கூடவே பொட்டாசியம். பொட்டாசியம் ஏறும் வேகம் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லி ஈக்குவலண்டைத் தாண்டக் கூடாது. பாஸ்பரஸும் குறையும், மிகவும் குறைந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். சர்க்கரை 250-க்குக் கீழே வந்தால் டெக்ஸ்ட்ரோஸ் சேருங்கள். கீட்டோன் போகும்வரை இன்சுலினை நிறுத்தாதீர்கள்.

கிளினிக்கில் ஈசிஜி எடுக்கும்போதெல்லாம், ரத்த முடிவு வருமுன் பொட்டாசியம் எவ்வளவு இருக்கும் என்று நோட்டில் எழுதி வையுங்கள். அப்புறம் முடிவோடு ஒப்பிடுங்கள்.