கருங்கல் பாதையில் டெகன்கோல்ப்

22 மார்ச் 2015, ஞாயிறு

மிலான்–சான்ரேமோ சைக்கிள் பந்தயத்தை ஜான் டெகன்கோல்ப் வென்றுவிட்டார். கிட்டத்தட்ட 300 கி.மீ. மிதித்த களைப்போடு கடைசி 200 மீட்டரில் பாய்வதற்கு அசாத்தியத் தெம்பு வேண்டும். சென்ற ஆண்டு வென்ற கிறிஸ்டாஃப் சற்று முந்திக்கொண்டு பாய்ந்தார். டெகன்கோல்ப் பொறுத்திருந்து, கோடு நெருங்கும்போது தாண்டிப் போனார். 26 வயது. கிழக்கு ஜெர்மனி என்றொரு நாடு இருந்தபோது அங்கே கேரா நகரில் பிறந்தவர். காவலர் பயிற்சியும் பெற்றவர்.

12 ஏப்ரல் 2015, ஞாயிறு

கருங்கல் பாவிய பாதைகளில் ஓடும் பாரிஸ்–ரூபே பந்தயமும் இவருக்கே! ஒரே ஆண்டில் இந்த இரண்டையும் வென்றவர்கள் இதற்குமுன் இருவர்தான்: 1908-இல் வான் ஹாவேர்ட், 1986-இல் ஷான் கெல்லி. ரூபேயில் ஜெர்மானியர் ஒருவர் கடைசியாக வென்றது 1896-இல் நடந்த முதல் பந்தயத்தில், ஜோசப் ஃபிஷர். 119 ஆண்டுகள்!

எனக்குப் பிடித்தது கடைசிப் பாய்ச்சல் அல்ல. அதற்குப் பத்துச் சொச்சம் கி.மீ. முன்னால் நடந்ததுதான். வான் அவர்மாட், லாம்பார்ட் என்ற இரு வீரர்கள் கூட்டத்திலிருந்து தப்பி முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசிப் பாய்ச்சலை நம்பி ஓட்டுகிற பாய்ச்சல்காரர்கள் இந்த மாதிரி நேரத்தில் மற்றவர் முதுகுக்குப் பின்னால் பதுங்கிக் காற்றிலிருந்து தப்பிப்பார்கள். துரத்துகிற வேலை அடுத்தவருடையது. இவரோ தானே துரத்திப் பிடித்தார். பின்னால் வந்தவர்களும் சேர, ஏழு பேர் பந்தயம் முடிகிற ரூபே மைதானத்துக்குள் நுழைந்தார்கள். அதன்பின் முடிவு தெரிந்த கதைதான். பரிசு, ஒரு கருங்கல். வீட்டில் எங்கே வைப்பாரோ.

(வழியில் ரயில்வே கேட் மூடிய பிறகும் சிலர் புகுந்து போனார்கள். அதிவேக ரயில் வந்துகொண்டிருந்தது. பதறிப்போனேன்.)

24 ஜனவரி 2016, ஞாயிறு

ஸ்பெயினில் கால்பே அருகே நேற்றுப் பயிற்சியில் இருந்த ஆறு வீரர்கள்மீது, சாலையின் தவறான பக்கத்தில் வந்த கார் மோதியிருக்கிறது. டெகன்கோல்பின் இடது ஆள்காட்டி விரல் ஏறக்குறைய துண்டாகிவிட்டதாம். பிரேக்கும் கியரும் விரல்களில் இருக்கிற தொழில் இது. கல்பாவிய சாலையில் கைப்பிடி உதறுகிற உதறலை நல்ல விரல்களாலேயே தாங்க முடியாது. இந்த வசந்தகாலப் பந்தயங்கள் போயின.

15 ஜூலை 2018, ஞாயிறு

டூர் டி பிரான்ஸ், 9-ஆம் கட்டம், அராஸிலிருந்து ரூபே வரை. 15 இடங்களில் கருங்கல் பாதை. கடைசியில் மூன்று பேர்: மொத்தப் பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையில் வான் அவர்மாட், லாம்பார்ட், டெகன்கோல்ப். 2015-இன் அதே முகங்கள்! டூரில் எத்தனையோ முறை நூலிழையில் தோற்றவருக்கு இதுதான் முதல் கட்ட வெற்றி. இறந்துபோன குடும்ப நண்பருக்கு அதைக் காணிக்கையாக்கினார். பேசும்போதே அழுதார். எட்டரை மணிக்கு உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். வீட்டில் எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். எனக்கு இன்றைய கணக்கு முடிந்துவிட்டது.

9 ஏப்ரல் 2023, ஞாயிறு

மீண்டும் பாரிஸ்–ரூபே. ஆத்திரமாக வருகிறது. 34 வயதில் டெகன்கோல்ப் முன்னணிக் குழுவோடு கார்ஃபூர் டி லார்ப்ர் என்ற கருங்கல் பாதை வரை வந்துவிட்டார். அங்கே பிலிப்சன், வான் டெர் பூல், இவர் மூவரும் குறுகிய ஓரத்தில் நெருக்கியடிக்க, இவர் மட்டும் விழுந்தார். ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பாதையில் இடம் அவ்வளவுதான். எழுந்து ஓட்டி ஏழாவதாக வந்து, மைதானப் புல்லில் படுத்து அழுதார். வென்றவர் வான் டெர் பூல்.

இளையோருக்கான பாரிஸ்–ரூபே பணமில்லாமல் நின்றுபோக இருந்தபோது நிதி திரட்டிக் காப்பாற்றியவர் டெகன்கோல்ப். அதற்காகத்தான் ஓர்னேங் பக்கமுள்ள 3.7 கி.மீ. கருங்கல் பாதைக்கு இவர் பெயரை வைத்திருக்கிறார்கள். இன்று எல்லோருமே அதன்மேல்தான் போனார்கள், வான் டெர் பூல் உட்பட.