நெஞ்சில் பேட்சோடு பதினான்கு நாள்

மே 6
காலை ஐந்தே முக்காலுக்குக் கைக்கடிகாரம் மணிக்கட்டில் அதிர்ந்தது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம் என்று திரையில் செய்தி. பொங்கலுக்கு மகள் வாங்கித் தந்த கடிகாரம். எத்தனை அடி நடந்தேன் என்பதைத் தவிர அதில் வேறெதையும் நான் பார்த்ததில்லை. அவளுக்குப் போன் போட்டேன். "அப்பா, மூச்சு வாங்குதா? நெஞ்சு வலிக்குதா?" ஒன்றுமில்லை. உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

மே 7
இ.சி.ஜி. எடுத்தார்கள். பத்தே விநாடி. எல்லாம் சரியாக இருந்தது. "கடிகாரம் சும்மா பயமுறுத்துதா டாக்டர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென்று நடுங்கும், பிறகு தானாகவே அடங்கிவிடும், நாம் இங்கே வந்து படுக்கும்போது பிடிபடாது என்றார். கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, நாடித் துடிப்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைப் பார்க்கிறது. அது சந்தேகம் கிளப்பும், அவ்வளவுதான். முடிவு சொல்ல இ.சி.ஜி. வேண்டும்.

மகள் ராத்திரியே தேடிப் படித்துவிட்டாள். ஆப்பிள் கடிகாரத்தை வைத்து 2017-18இல் அமெரிக்காவில் 4,19,297 பேரிடம் ஆய்வு செய்திருக்கிறார்கள். எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு. அவர்களில் 450 பேர், நாள்கணக்கில் துடிப்பைப் பதியும் இ.சி.ஜி. பேட்சை நெஞ்சில் ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். 34 சதவீதம் பேருக்கு ஃபிப்ரிலேஷன் பதிவாகியிருந்தது. மீதிப் பேருக்கு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, ஒட்டியிருந்த நாட்களில் வராமலும் இருந்திருக்கலாமே என்கிறாள். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

மே 9
நர்ஸ் இடது மார்பில் கொஞ்சம் முடியை மழித்துப் பேட்சை ஒட்டினார். 14 நாள். படபடப்பு வந்தால் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தி, நேரத்தைச் சிறு புத்தகத்தில் எழுத வேண்டும். பதிவுகளை அனுப்புவதற்கு ஒரு பெட்டி. எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம். 1940களில், இப்படிச் சுமந்துகொண்டே இதயத் துடிப்பைப் பதியும் கருவியை உருவாக்கிய நார்மன் ஹோல்டர் முதுகில் சுமந்தது 38 கிலோ. நான் குறை சொல்லக் கூடாது.

மே 13
சொல்லத்தான் போகிறேன். கத்திரி வெயில். வியர்வையில் பேட்சின் ஓரம் சுருண்டு, பனியனில் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. அரிப்பு தாங்கவில்லை, சொறியவும் கூடாது. சாயங்காலம் கரண்ட் போய்ப் பெட்டியின் சார்ஜும் தீர்ந்துவிட்டது. இரவு ஒன்பதரைக்குப் பதிவைக் கண்காணிப்பவர்களிடமிருந்து போன்: "மேடம், சாரோட சிக்னல் வரலை." மனைவி அசராமல், "இருக்காரு, தோசை சாப்பிடுறாரு" என்றாள்.

மே 23
எடுத்தாயிற்று. தோலில் சிவப்பாக ஒரு கட்டம். அப்பாடா, ஆசை தீரக் குளித்தேன்.

மே 27
பேட்சின் ரிப்போர்ட் வந்தது. பொத்தானை ஏழு முறை அழுத்தியிருக்கிறேன். மாடிப்படி, பார்க்கிங் சண்டை, கிரிக்கெட்டின் கடைசி ஓவர். ஏழிலும் தாளம் ஒழுங்குதான். ஃபிப்ரிலேஷன் வந்தது இரண்டு முறை; நீளமானது 17ஆம் தேதி நள்ளிரவு 1.50க்குத் தொடங்கி 4 மணி நேரம் 12 நிமிடம் நீடித்தது. என் புத்தகத்தில் அந்த நாளுக்கு எழுதியிருப்பது: "நல்ல தூக்கம்."

மேலறை நடுங்கும்போது அங்குள்ள ஒரு சிறு பையில் ரத்தம் தேங்கி உறையலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் என்றார் டாக்டர். பக்கவாத அபாயத்தைக் கணக்கிடப் புள்ளி போடுகிறார்கள்: வயது 66, அதற்கு ஒரு புள்ளி, பி.பி.க்கு ஒரு புள்ளி. இரண்டு வந்தாலே ரத்தம் உறையாமலிருக்க மருந்து தொடங்குவார்களாம். அபிக்ஸபான், காலை ஒன்று, இரவு ஒன்று.

அடுத்த வாரம் பல் பிடுங்க நாள் குறித்திருந்தேன். முதலில் பல் டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும்.