கதவைத் தட்டாமல் நுழையும் காவல்

போதைப்பொருள் சோதனைக்குச் சென்ற இடத்தில் காவலர்கள் ஒருவரை அவர் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், இறந்தவர் வியாபாரியா, நிரபராதியா என்ற விவாதம்தான் முதலில் தொடங்குகிறது. சென்னையில் போதைப்பொருள் தடுப்புச் சட்ட வழக்குகளை நடத்தி வரும் வழக்கறிஞன் என்ற முறையில் எனக்கு அதற்கு முந்தைய கேள்வியே முக்கியமாகப் படுகிறது. காவலர்கள் கதவைத் தட்டினார்களா, தாங்கள் யார் என்று சொன்னார்களா, தூங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து வந்து தாழ்ப்பாளை நீக்கும் அளவுக்காவது காத்திருந்தார்களா? உள்ளே துப்பாக்கி வெடிக்குமா என்பது பெரும்பாலும் வாசலிலேயே முடிவாகிவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவின் லூயிவில் நகரில் 2020 மார்ச் 13 அன்று, நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில், பிரியானா டெய்லர் என்ற 26 வயதுப் பெண் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியவர் அவர். அவருடைய முன்னாள் காதலர்மீதான போதைப்பொருள் விசாரணையின் ஒரு பகுதியாக, தட்டாமலே நுழைய அனுமதிக்கும் வாரண்டை போலீஸார் நீதிபதியிடம் பெற்றிருந்தார்கள். ஆனாலும் கதவைத் தட்டித் தங்களை அறிவித்த பிறகே உடைத்ததாக அவர்கள் பின்னர் கூறினார்கள். தட்டும் சத்தம் கேட்டு, யார் என்று கேட்டும் பதில் வரவில்லை என்பது உள்ளே படுத்திருந்த அவருடைய துணைவர் கென்னத் வாக்கரின் வாக்குமூலம். திருடர்கள் என்று எண்ணிய அவர், உரிமம் பெற்ற தன் துப்பாக்கியால் ஒருமுறை சுட்டார். குண்டு ஒரு காவலரின் தொடையில் பாய்ந்தது. பதிலுக்கு மூன்று காவலர்கள் 32 முறை சுட்டார்கள். அந்த வீட்டிலிருந்து போதைப்பொருள் எதுவும் கைப்பற்றப்படவில்லை. கதவை உடைத்துக்கொண்டு வந்து யாரோ தன் காதலியைச் சுட்டுவிட்டதாக அவசர உதவி எண்ணை அழைத்து அழுதபடி சொன்னவர் வாக்கர்தான். சுட்டவர்களே போலீஸார் என்பது அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. கொலை முயற்சி என்று அவர்மீது போடப்பட்ட வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. வாரண்ட் பெறுவதற்காகத் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் பொய் சேர்க்கப்பட்டதற்கு உடந்தையாக இருந்ததை ஒரு காவல் அதிகாரி 2022-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நகர நிர்வாகம் குடும்பத்துக்கு 1.2 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டதுடன், தட்டாமல் நுழையும் வாரண்டுகளையே தடை செய்தது.

இது ஏதோ ஒருநாள் நடந்துவிட்ட பிசகு அல்ல. 2006 நவம்பரில் அட்லாண்டா நகரில், திருட்டுக்குப் பயந்து வாசலில் இரும்புக் கிராதி போட்டு வாழ்ந்த கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற 92 வயது மூதாட்டியின் வீட்டுக் கிராதியைப் போலீஸார் அறுத்து உடைத்தார்கள். அவர் தன் பழைய துப்பாக்கியால் ஒருமுறை சுட, அவர்கள் 39 முறை சுட்டார்கள்; செத்துக்கிடந்தவரின் வீட்டில் கஞ்சாவைக் கொண்டுவந்து வைத்ததும் பின்னர் அம்பலமானது. 2019 ஜனவரியில் ஹூஸ்டன் நகரில் ஒரு கணவனும் மனைவியும் இதேபோல் இறந்தார்கள். நான்கு காவலர்களுக்குக் குண்டுக் காயம். அங்கே வாரண்டுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ரகசியத் தகவலாளியின் ஹெராயின் கொள்முதல் நடக்கவே இல்லை. அந்த வாரண்டை வாங்கிய அதிகாரிக்குக் கொலைக் குற்றத்துக்காக 2024-ல் 60 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ரகசியத் தகவல் என்ற அந்தச் சொல்லை நானும் என் கட்சிக்காரர்களின் வழக்குக் கட்டுகளில் ஏறக்குறைய முதல் பக்கத்திலேயே படிக்கிறேன் என்பதால், ஹூஸ்டன் எனக்குத் தூரத்து ஊராகத் தோன்றுவதில்லை.

ஏன் தட்டுவதில்லை? தட்டினால் சரக்கைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள் என்பதுதான் நேர்மையான பதில். கதவைத் தட்டி, வந்த காரணத்தைச் சொல்லித் திறக்கக் கேட்க வேண்டும் என்ற விதி, 1604-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான செமெய்ன் வழக்கிலேயே இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-ல் அதை அரசியல் சாசனப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்று ஏற்றது. போதைப்பொருள் வழக்கு என்பதாலேயே விதியை ஒட்டுமொத்தமாகத் தளர்த்த முடியாது என்று 1997-ல் சொன்ன அதே நீதிமன்றம், தடயம் அழியும் என்றோ ஆபத்து நேரும் என்றோ நியாயமான சந்தேகம் இருந்தால் தட்ட வேண்டியதில்லை என்றும் சேர்த்தது. 2003-ல் கொக்கெய்ன் வழக்கு ஒன்றில் 15 முதல் 20 விநாடி காத்திருந்தது போதும் என்றது. 2006-ல், தட்டும் விதியை மீறினாலும் கைப்பற்றிய பொருள் சாட்சியமாகச் செல்லும் என்றது. இருபது விநாடியில் உறக்கத்திலிருக்கும் ஒரு முதியவர் கண் விழித்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, வாசல்வரை வந்துவிட முடியுமா? கழிப்பறையில் கரையக்கூடிய சில கிராம் பொடியைக் காப்பாற்ற ஒரு வீட்டாரின் உயிரையும், உள்ளே நுழையும் காவலரின் உயிரையும் பணயம் வைக்கும் இந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. சரக்கு போனால் ஒரு வழக்கு போகும், அவ்வளவுதான்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஒருவரைக் கைது செய்ய வீட்டுக்குள் நுழையும் அதிகாரி, தன் அதிகாரத்தையும் நோக்கத்தையும் அறிவித்து, திறக்கக் கேட்டு, திறக்காதபோதுதான் கதவை உடைக்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொன்னது; இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 44-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, எதிர்ப்பு இருந்தால் கதவை உடைக்க அனுமதிக்கிறது. சூரியன் மறைந்த பிறகு வாரண்ட் இல்லாமல் நுழைவதானால், வாரண்ட் வாங்கப் போனால் சரக்கோ ஆளோ தப்பிவிடும் என்று நம்புவதற்கான காரணத்தை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். கைது செய்யும்போது பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் போக்கும் உரிமையை அந்தச் சன்ஹிதா யாருக்கும் தரவில்லை. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால், முதல் வழக்கில் தண்டனை பத்து முதல் இருபது ஆண்டுச் சிறை. அதாவது நம் நீதிமன்றங்களுக்கு வரும் கஞ்சா வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில், ஓடுகிறான் என்பதற்காகச் சுடும் அதிகாரம் எந்தக் காவலருக்கும் இல்லை.

எஞ்சுவது தற்காப்பு. இந்த இடத்தில்தான் நுழைந்த விதம் முக்கியமாகிறது. அரசு ஊழியரின் செயலுக்கு எதிராகத் தற்காப்பு உரிமையைச் சட்டம் பெரிதும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் வந்தவர் அரசு ஊழியர் என்று தெரியாமலும், அப்படி நம்பக் காரணம் இல்லாமலும் இருக்கும் ஒருவர் அந்த உரிமையை இழப்பதில்லை என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. இரவில் பூட்டை உடைத்து நுழைபவரை எதிர்க்கும் உரிமையோ உயிரைப் பறிக்கும் எல்லைவரை செல்லக்கூடியது. ஆக, சொல்லாமல் நுழையும் காவலரும் பயந்து அரிவாளைத் தூக்கும் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் சட்டப்படி தற்காப்பில் இருக்க முடியும். இருவரில் யார் செத்தாலும் அது கொலை ஆகாமல் போகலாம். இப்படி ஒரு நிலைமையை உண்டாக்கியவர், சொல்லாமல் நுழைந்தவர்தான்.

புளியந்தோப்பில் ஒரு வாரியக் குடியிருப்பில் நான் பார்த்த ஒரு கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகடு அடித்த மெல்லிய பலகைக் கதவு. தாழ்ப்பாளைப் பிடித்திருந்த திருகாணிகள் நிலைச்சட்டத்தின் மரத்துணுக்கோடு பிய்ந்து வந்திருந்தன. அந்த ஓட்டைகளில் பழைய துணியைத் திணித்து, கயிற்றால் கதவைக் கட்டி வைத்திருந்தார்கள். ஆனால் சோதனை நடந்த விதத்தைப் பதிவு செய்யும் போலீஸ் மகஜரில், கதவைத் தட்டி, திறந்தவரிடம் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு உள்ளே சென்றதாக எழுதியிருந்தது. மகனுக்கு ஜாமீன் கேட்டு என்னிடம் வந்த அம்மா அந்த மகஜரை நான் படித்துக் காட்டியதும், “தட்டியிருந்தா நானே தொறந்து உட்டிருப்பேனே சார், எதுக்கு ஒடைக்கணும்? குழந்தைங்க காலாண்ட படுத்துனு இருந்துச்சு” என்றார். அன்று எவரும் துப்பாக்கியை எடுக்கவில்லை. ஆனால் வாசலை ஒட்டிப் படுத்திருந்த குழந்தைகளுக்கும் உள்ளே வந்து விழுந்த கதவுக்கும் நடுவில் ஒரு முழ இடம்கூட இல்லை. தட்டாமல் நுழைந்த பிறகு தட்டியதாக எழுதிவிடும் பழக்கம் நீடிக்கும்வரை, சட்டத்தில் எத்தனை பிரிவு இருந்தும் அந்தக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இல்லை.

வீட்டுக்குள் சாவு நேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 2012 பிப்ரவரி 23 அதிகாலையில் பார்த்தது. அது போதைப்பொருள் வழக்கு அல்ல, வங்கிக் கொள்ளை வழக்கு. வேளச்சேரி நேரு நகரில் ஒரு வீட்டில் இருந்த ஐந்து பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சரணடையச் சொன்னோம், அவர்கள் சுட்டார்கள், நாங்களும் சுட்டோம் என்றது காவல்துறை. அது உண்மையாகவே இருந்தாலும், மறுத்தோ ஆமோதித்தோ சொல்ல உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் என்கவுன்ட்டர் சாவுகளுக்கு நெறிமுறைகளை வகுத்தது: முதல் தகவல் அறிக்கை, சிஐடியோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ நடத்தும் விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை, உடனடிப் பரிசும் பதவி உயர்வும் கூடாது என்பன அவற்றில் சில. இவை எல்லாம் உயிர் போன பிறகு வருபவை. அதற்குள் தெருவில் பட்டாசு வெடித்து இனிப்பு கொடுக்கும் நாமும் இந்தப் பழியில் பங்காளிகள்தான்.

போலீஸாரின் அச்சத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பட்டாக்கத்தி வெட்டு வாங்கிய காவலர்களை நான் நீதிமன்ற வராந்தாவில் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டுக்கொள்ளும் மகனைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று கெஞ்சும் தாய்மார்களையும் எனக்குத் தெரியும். 2021 டிசம்பரில் தொடங்கிய கஞ்சா வேட்டை நடவடிக்கைகளை அத்தகைய குடும்பங்கள் வரவேற்றன, அதில் நியாயமும் உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஆள் வெளியே வரும்வரை காத்திருந்து தெருவில் பிடிப்பதும், விடிந்த பிறகு போய்த் தட்டுவதும், சீருடையில் போவதும் அந்தக் காவலருக்கும் பாதுகாப்பே. லூயிவிலில் காலில் குண்டு வாங்கியவரும் ஒரு காவலர்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. மேசைமீது பொட்டலங்களை அடுக்கி வைத்த பிறகு பதிவைத் தொடங்கினால் இந்தப் பிரிவால் ஒரு பயனும் இல்லை. பதிவு வாசலுக்கு வெளியே, கதவு மூடியிருக்கும்போதே தொடங்க வேண்டும். தட்டும் சத்தமும், சொல்லும் வார்த்தையும், காத்திருந்த நேரமும் அதில் இருக்க வேண்டும். வீட்டுச் சோதனை நடந்த ஒவ்வொரு வழக்கிலும் அந்த முதல் நிமிடத்தைக் கேட்டு நான் இப்போது மனு போடுகிறேன். போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றங்களில் வாதாடும் மற்ற வழக்கறிஞர்களும் அதைக் கேட்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஏன் இல்லை என்று அதிகாரியைச் சாட்சிக் கூண்டில் வைத்து விசாரிக்க வேண்டும்.