ஜெர்மனியில் ‘பி’க்குப் பெயர் ‘ஹா’

எங்கள் வீட்டுப் பியானோவின் வயிற்றுக்குள் ஒரு குண்டு பல்பு ராப்பகலாக எரியும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் உள்ளேயிருக்கும் மரமும் கம்பளித் துண்டுகளும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அழுத்திய கட்டை மேலே வராமல் அப்படியே நின்றுவிடும். அதற்குத்தான் அந்தச் சூடு. பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடம் அப்பா அதை வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது. சுருதி சேர்க்கிறவர் மதுரையிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம். இந்தப் பியானோவை நம்பித்தான் ஜெர்மனியில் இசை படிக்கப் போகிறேன் என்று கிளம்பினேன். இடம் கிடைக்க இரண்டு வருடம் ஆனது. இதே யோசனையில் இருக்கிற யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஏன் ஜெர்மனி? காசுதான் காரணம். அங்கே அரசு இசைக் கல்லூரிகள் 24 இருக்கின்றன. பலவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கட்டணங்களைப் பார்த்து மிரண்டவர்களுக்கு அதுவும் சும்மா மாதிரிதான்.

என் கையில் லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் பியானோத் தேர்வின் எட்டாம் கிரேடு சான்றிதழ் இருந்தது, டிஸ்டிங்ஷனோடு. அதைப் பாஸ்போர்ட் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் செய்து எல்லா விண்ணப்பத்திலும் முதல் பக்கமாக வைத்தேன். கடைசி வரை ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் கேட்டது வேறு: பாக் எழுதிய பிரெலூட், ஃபியூக் ஒரு ஜோடி, ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன் இவர்களில் ஒருவருடைய சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட நீளமான உருப்படி) முழுதாக, ஒரு எத்யூட் (பயிற்சிக்கென்றே எழுதிய உருப்படி), ஒரு ரொமான்டிக் காலத்துப் படைப்பு, 20-ஆம் நூற்றாண்டிலிருந்து ஒன்று. எல்லாம் மனப்பாடமாக. கிரேடு தேர்வுக்கு வருடம் முழுக்க மூன்று நான்கு உருப்படிகளைத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு இது மலைப்பாக இருந்தது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களின் படிப்பு விசாவுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும். மதிப்பெண் பட்டியல் அசல்தானா என்று டெல்லியில் சரிபார்ப்பார்கள், 18,000 ரூபாய். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தலைவலி உண்டு. மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் கடைசி வாரத்தில் ஓடினேன்.

அப்புறம் முடக்கக் கணக்கு. ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும், அங்கே போனபின் மாதாமாதம் அவிழ்த்துக் கொடுப்பார்கள். நான் திட்டம் போட்டபோது 11,208 யூரோ. 2024 செப்டம்பரில் 11,904 ஆகிவிட்டது. கல்விக் கடன் கேட்டு அப்பாவோடு ஒரு வங்கிக்குப் போனேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். “சார், பிள்ளை எம்.எஸ். படிக்கட்டும், நாளைக்கே போடுறேன். பியானோ படிச்சா என்ன சம்பளம் வரும், நீங்களே சொல்லுங்க.” அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா பேசவே இல்லை. மறுநாள் பி.எஃப். பணத்தை எடுக்க ஃபாரம் வாங்கிக்கொண்டு வந்தார்.

2024 ஜூனில் முதல் தேர்வு. வீடியோவில் தேர்வாகி நேரில் கூப்பிட்டிருந்தார்கள். நீளமான ஒரு ஸ்டைன்வே பியானோ. நான் பாக் ஆரம்பித்து இரண்டாம் பக்கம் திரும்புவதற்குள் “டாங்க” (நன்றி) என்று நிறுத்தினார்கள். சொனாட்டாவில் மூன்றாம் பகுதியின் நடுவிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். நடுவிலிருந்து எனக்குத் தொடங்கவே தெரியவில்லை! மனப்பாடம் என்று நான் நினைத்தது விரல்களின் பழக்கம். முதல் சுரத்திலிருந்து போனால்தான் விரல் போகும். மனசுக்குள் ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்து அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் தேர்வாளர்கள் ஐந்து பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அதைவிட மோசம் செவித் தேர்வு, வாசிப்பதைக் கேட்டுச் சுரங்களை எழுதுவது. நாம் ‘பி’ என்று சொல்கிற சுரம் ஜெர்மானியர்களுக்கு ‘ஹா’. அவர்களுடைய ‘பே’ நம்முடைய பி ஃபிளாட். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஏழு கட்டை ‘ஹா’, ஆறரைக் கட்டை ‘பே’. இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம்தான். ஆனால் பியானோவில் சுரக் கூட்டு சுரக் கூட்டாக வாசித்துக்கொண்டே போகும்போது கை பழைய பெயரைத்தான் எழுதியது. காதில் சரியாக விழுந்ததையெல்லாம் தாளில் தப்பாக எழுதிவிட்டு வெளியே வந்தேன். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது: தேர்ச்சி உண்டு, இடம் இல்லை. அந்தப் பேராசிரியரின் வகுப்பில் காலியானது ஒரே இடம், எனக்கு மேலே பலர்.

அங்கே நீங்கள் சேர்வது கல்லூரியில் என்பதைவிட ஒரு பேராசிரியரின் வகுப்பில் என்பதுதான் சரி. இது தெரியாமல் முதல் வருடம் முழுக்க இணையதளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம் பேராசிரியர்களுக்கே நேராக எழுதினேன், மாதிரிப் பாடம் ஒன்று எடுக்க முடியுமா என்று. 14 மின்னஞ்சல், ஐந்து பதில், இரண்டு சம்மதம். ஒருவர் வீடியோ அழைப்பில் எடுத்தார். இன்னொருவரிடம் தேர்வுக்கு ஐந்து நாள் முன்பே போய்ச் சேர்ந்து நேரில் வாசித்தேன். (தேர்வுக்கு ஷெங்கன் விசாவில் போகலாம், அதை அங்கேயே படிப்பு விசாவாக மாற்ற முடியாது. திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் செலவு இரண்டு தடவை என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.)

நேரில் எடுத்த அந்தப் பேராசிரியர் ஒரு பக்கம் கேட்டார். எழுந்து வந்து, என் வலது காலைக் காட்டி, “அதை நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொள்” என்றார். பெடல் (சுரத்தை நீட்டி ஒலிக்க வைக்கும் மிதி) இல்லாமல் அதிலிருந்தே எட்டு தாளவட்டம். சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பல்லு போன கிழவி பேச்சு மாதிரி உதிர்ந்தன. “உங்கள் வீட்டுப் பியானோ எப்படி இருக்கும்?” என்று கேட்டார். பல்பு கதையைச் சொன்னேன். சிரித்தார். ஈரம் குடித்துச் சத்தம் மங்கிப்போன பியானோவில், அந்த மங்கலை மறைக்கக் காலை எடுக்காமலே பத்து வருடம் வாசித்திருக்கிறேன். டீச்சரும் சொன்னதில்லை, கிரேடு தேர்வாளரும் சொன்னதில்லை. மீதி நேரம் முழுக்க அந்த எட்டு தாளவட்டம்தான். அடுத்த நான்கு நாளும் பயிற்சி அறையில் பெடலைத் தொடவில்லை.

இரண்டாவது செவித் தேர்வில் நான்கு குரல் கோரல் (தேவாலயப் பாட்டு) ஒன்றிலிருந்து ஒரு வரி வாசித்தார்கள். மேல் குரலும் அடிக் குரலும் எழுத வேண்டும். முதல் நான்கு சுரத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய வெள்ளிக்கிழமையன்று எங்கள் கோவிலில் பாடுகிற ஞானப்பாட்டு! இயேசுவின் பாடுகளைச் சொல்ல பாக் எழுதிய ‘மத்தேயு பாடுகள்’ இசையில் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிற மெட்டு அது. ஜெர்மன் மிஷனரிகள் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கோரல்களைத்தான் நாம் தமிழில் பாடிக்கொண்டிருக்கிறோம். பாளையங்கோட்டைக்கு 1820-இல் வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரும் ஜெர்மானியர்தான். மேல் குரலைக் கேட்காமலே எழுதினேன். அடிக் குரலையும் அப்படியே எழுதப் போனேன். கொயரில் அப்பா பாடுவது அதுதானே, சின்ன வயதிலிருந்து காதுக்குப் பக்கத்தில் கேட்ட குரல். இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் உறைத்தது, இது அப்பாவின் அடிக் குரல் இல்லை. பாக் வேறு வழியாக இறங்குகிறார். அழித்துவிட்டு, மூன்றாவது தடவை அடிக் குரலை மட்டும் கேட்டு எழுதினேன். ‘ஹா’ வந்த இடத்தில் ‘ஹா’ என்றே எழுதினேன்.

ஜூலையில் கடிதம் வந்தது. கட்டணம் வாங்குகிற மாநிலம்தான், சின்ன ஊர்தான், ஆனால் பெடலைப் பிடுங்கிய அதே பேராசிரியரின் வகுப்பு. கடிதத்தை அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். 1,500 என்ற இடம் வந்ததும், “பருவத்துக்கா, வருஷத்துக்கா?” என்று மட்டும் கேட்டார்.

ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டுப் பியானோவை இப்போது தங்கச்சி வாசிக்கிறாள். போன வாரம் பல்பு ஃபியூஸ் போய்விட்டதாம். கடையில் எல்.இ.டி. பல்புதான் கொடுக்கிறார்கள்; அது எரியும், ஆனால் சூடு வராது. மழை வேறு பிடித்துவிட்டது. அப்பா டவுன் பக்கம் பழைய எலக்ட்ரிகல் கடைகளில் 40 வாட் குண்டு பல்பு தேடிக்கொண்டிருக்கிறார்.