டிஸ்க்கில் விழுந்த ஒடுக்கு

அப்பா ஓட்டிய மாருதி 800 இப்போது என்னிடம் இருக்கிறது. 1998 மாடல். போன மழையில் தண்ணீர் நின்ற பள்ளத்தில் முன் இடது சக்கரம் இறங்கியதிலிருந்து, வேகம் 60-ஐத் தொட்டாலே ஸ்டியரிங் நடுங்கியது. டியூப் டயர் என்பதால் காற்று இறங்கவில்லை. கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கின், அதாவது டயர் உட்காரும் இரும்புச் சக்கரத்தின், உள்பக்க விளிம்பில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஒடுக்கு.

பஞ்சர் கடையில் டயரைப் பிரித்து வாங்கிவந்தேன். முதல் வேலை வெடிப்பு தேடுவது. துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெய் பூசித் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தடவினேன். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து, தூளில் கோடாகத் தெரியும். கோடு எதுவும் இல்லை. தெரிந்திருந்தால் பழைய இரும்புக்குப் போட்டிருப்பேன். நட் துளைப் பக்கம் வளைந்திருந்தாலும் அப்படித்தான்.

அடுத்தது அளவு. இந்த வண்டியில் இன்ஜின் முன்சக்கரத்தைத்தான் சுழற்றுகிறது. பின்சக்கரம் லேசாகச் சுழலும். வண்டியை முதல் கியரில் விட்டு, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் இறக்கினேன். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, வெறும் டிஸ்க்கைப் பின்னால் மாட்டினேன். செங்கல்லில் கட்டிய கம்பியை விளிம்போரம் நிறுத்திச் சுற்றினால், ஒடுக்கு வரும் இடத்தில் 4 மில்லிமீட்டர் விலகல்.

அப்புறம்தான் சுத்தியல். புளியங்கட்டை மேல் டிஸ்க்கை வைத்து, ஒடுக்கின் ஓரத்தில் சம்மட்டியை முட்டுக் கொடுத்து மகள் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஓங்கி அடித்தால் பக்கத்தில் புது மேடு கிளம்பும். இரண்டு ஓரத்திலிருந்தும் சின்னச் சின்ன அடியாக நடுவுக்கு வர வேண்டும். முட்டு சரியாக உட்கார்ந்திருந்தால் 'தொப்' என்று கேட்கும். விலகினால் மணி அடித்த மாதிரி அதிரும். "அப்பா, சத்தம் மாறுது" என்று முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். அதன்பிறகு கண்ணைவிடக் காதை நம்பித்தான் அடித்தோம்.

கேஸில் சூடு காட்டினால் சீக்கிரம் வளையும் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நான் சம்மதிக்கவில்லை. சூடு பட்ட இடத்தில் இரும்பின் பலம் மாறிவிடும். இதை நம்பித்தான் வீட்டில் எல்லாரும் வண்டியில் ஏறுகிறோம்.

ஒன்றரை மணி நேரத்தில் விலகல் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தது. உப்புத்தாள், ரெட் ஆக்சைடு, சில்வர் பெயின்ட். டயரை மாட்டி பேலன்சிங் பார்த்து, நான்கு நட்டையும் எதிரெதிராக இறுக்கினேன். 80-லும் ஸ்டியரிங் அசையவில்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஸ்பானர் வைத்தேன். ஒரு நட் மட்டும் கால் சுற்று இறங்கியது.